இடது பக்கம் யார்?

ஜூன் 3

நாள் முழுக்கப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஸ்டியரிங் பிடித்துவிட்டு வருகிற மனுஷன், வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் ஸ்டியரிங் பிடிக்கிறார். கம்ப்யூட்டரில் கார் ரேஸ். மேஜையில் மாட்டிக்கொள்ள ஒரு குட்டிச் சக்கரம்கூட வாங்கியாகிவிட்டது. கேட்டால், "டென்ஷன் குறையுதும்மா" என்கிறார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். அதற்குக் கதவை ஏன் சாத்த வேண்டும்?

ஜூன் 5

உள்ளே ஒரு பெண் குரல். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். வார்த்தை பிடிபடவில்லை, குழைவு மட்டும் தெரிந்தது. இவரும் "சரி, சரி" என்கிறார். என்னிடம் ஒரு தடவைகூட இவ்வளவு பணிவாகச் சொன்னதில்லை.

ஜூன் 6

இவர் சட்டையின் இடது கை கிழிந்திருக்கிறது. போன வாரமும் அதே இடத்தில்தான் தைத்தேன். யார் பிடித்து இழுத்தது? தங்கச்சியிடம் போனில் சொன்னேன். "நெருப்பில்லாம புகையுமாக்கா? பட்டுனு கதவைத் தொறந்து பாரு" என்றாள்.

ஜூன் 9

திறந்தேன், டீ கொடுக்கிற சாக்கில். அறையில் யாருமில்லை. திரையில் கார் பறக்கிறது. விளையாட்டுக்குள்ளிருந்து அந்தப் பெண், "அடுத்து இடது வளைவு, வேகத்தைக் குறை" என்று வழி சொல்கிறாள். இவளுக்காகவா தூக்கம் கெட்டேன்! வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் — இவருடைய இடது பக்கம் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றேன். திரும்பவே இல்லை. நடிக்கிறாரா? வலது பக்கம் போனதும், "அட, எப்ப வந்த?" என்றார்.

ஜூன் 10

கதவிடுக்கில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் திரையில் காரைச் சுற்றிக் காட்டுகிறார்கள். வலது பக்கம் புத்தம் புதுசு. இடது பக்கம் நசுங்கிக் கிடக்கிறது.

சட்டையை எடுத்து மறுபடி பார்த்தேன். யாராவது இழுத்திருந்தால் தையல் பிரிந்திருக்கும். இது கதவு நிலையில் உரசி உரசி நைந்த துணி. தையல்காரி எனக்கு இது தெரியாதா? கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

பஸ்ஸில் பிள்ளைகள் இறங்குவதும் இடது பக்கம்தான். கடவுளே, இதற்கு ஒரு பொம்பளையே இருந்திருக்கலாம்.

ஜூன் 11

காலையில் பஸ் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலை மறித்தேன். "எப்பலேருந்து இடது பக்கம் தெரியல?"

முறைத்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் மங்கல்தாம்மா... ஒரு ரேஸாவது இடிக்காம முடிச்சிட்டா, கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன்."

"முடிச்சீங்களா?"

"முந்தாநாள் ஒண்ணு முடிச்சேன்."

"அவ சொல்லச் சொல்லத்தானே? அவ வாயை மூடிட்டு ஓட்டிக் காட்டுங்க."

குரலை நிறுத்திவிட்டு ஓட்டினார். முதல் இடது வளைவிலேயே சுவர். பிறகு அவரே பள்ளிக்குப் போன் போட்டு, வேறு டிரைவரை அனுப்பச் சொன்னார்.

பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு இப்பிடியா... என்ன நெஞ்சழுத்தம் இந்த மனுஷனுக்கு! திட்டிக்கொண்டே அழுதேன். அவரும் அழுதார்.

ஜூன் 13

கண் டாக்டர்: இடது கண்ணில் போன பார்வை போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

ஜூலை 2

பள்ளியிலேயே இவருக்கு ஸ்டோர் ரூம் வேலை கொடுத்திருக்கிறார்கள். பஸ் புறப்படுகிற நேரத்தில் வெளியே வருவதில்லையாம்.

சாயங்காலம் ரேஸ் மட்டும் உண்டு. கதவு திறந்தே இருக்கிறது. ஸ்டூலைப் போட்டு இவருடைய இடது பக்கம் உட்கார்ந்து, "இடது வளைவு வருது, மெதுவா" என்கிறேன். "சரி, சரி" என்கிறார்.

அந்தப் பெண் குரலைத் திரும்பப் போடட்டுமா என்று இன்று கேட்டார். வேண்டாம் என்றேன்.