சாயம் குடித்த தோல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. எல்லாரும் சுகம்னு எழுதத்தான் உக்காந்தேன், அந்த வார்த்தை மட்டும் பேனாவுல வர மாட்டேங்குது. நீ அங்க நோய்நொடி இல்லாம, நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும். போன்ல பேசினா உங்கம்மா பிடுங்கிக்கிட்டு அவ புராணத்தை ஆரம்பிச்சிடுவா, அதான் இதை எழுதி, எதிர்வீட்டு மெக்கானிக்கை விட்டுப் படம் பிடிச்சு அனுப்பச் சொல்றேன்.

ஆரஞ்சுத் தோலைக் காயவெச்சுப் போட்டா சாயத்தண்ணி தெளியும்னு உன் ஆய்வுக்கூடத்துல செய்றதைச் சொன்னியே, அதை உங்கம்மா சும்மா விட்டாளா? சாயப்பட்டறைக் கழிவு ஊறி நம்ம கிணத்துத் தண்ணி செவப்பா வந்து, துணி துவைக்க வழியில்லாமக் கிடந்தவ, ஜூஸ் கடைத் தோலையெல்லாம் மூட்டையா அள்ளிட்டு வந்து மொட்டைமாடி பூரா காயப்போட்டா. நறுக்கி, கிணத்துத் தண்ணி பிடிச்ச டிரம்முல போட்டா, சும்மா சொல்லக்கூடாது, தண்ணி பளிச்சுன்னு ஆயிடுச்சு. குடிக்கக் கூடாதுன்னு நீ சொன்னதையும் கேட்டுக்கிட்டா. தெருவே வந்து பார்த்துட்டுப் போச்சு, இவளுக்குத் தலைகால் புரியல. வினை வேற பக்கமா வந்துச்சும்மா. அந்தத் தோலை இத்தனை நாளும் தின்னது பால்காரம்மாவோட ஆடுங்க. என் ஆட்டு வாயில மண்ணைப் போட்டுட்டீங்களேன்னு அவ வாசல்ல நின்னு கத்தினா. உங்கம்மா பெரிய மனசு பண்ணி, டிரம்முல ஊறி முடிஞ்ச தோலை அலசிக் காயவெச்சு அவளுக்கே திருப்பிக் கொடுக்க ஆரம்பிச்சிட்டா. அலசின தண்ணியில நிறம் வரலையாம், அதனால சுத்தமாம். பசும்பால் ஒத்துக்காத உங்கண்ணன் பிள்ளைக்கு அந்த ஆட்டுப்பால்தானே ஆகாரம், அது யாருக்குமே உறைக்கல.

போன வாரம் அந்த ஆட்டுல ஒண்ணு இரை எடுக்காமப் படுத்துடுச்சு. பனி ஒத்துக்கலன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. ஒரு தோலை டம்ளர் தண்ணியில போட்டேன், ஒண்ணுமில்ல. எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சேன், கொஞ்ச நேரத்துல செவசெவன்னு கக்கிடுச்சு. ஆட்டு வயித்துலயும் புளிப்புத்தானே இருக்கும்? உங்கம்மாகிட்ட காட்டினா, படிச்ச பொண்ணைவிட உங்க எலுமிச்சம்பழம் பெருசாங்கறா. ஆட்டுக்குப் போடாதேன்னு நீ சொல்லலையாம். இங்க பால்காரம்மாவோட இப்படி ஒரு சமாதானம் நடக்கும்னு நீ எங்கம்மா கனவா கண்டே?

நான் பிடிவாதமா அந்தப் பாலை நிறுத்தி, ஓடைக்கு அந்தப்பக்கம் வேற ஒரு வீட்டுல வாங்கிட்டு வந்தேன். அப்பாடான்னு இருந்துச்சு. இன்னிக்குத்தான் அவங்க கொட்டகைக்குள்ள எட்டிப் பார்த்தேன். தொட்டி நிறைய ஆரஞ்சுத் தோல், உங்கம்மா நறுக்கற அதே பருமன். மீந்ததையெல்லாம் பால்காரம்மா இவங்களுக்குக் கொடுத்திருக்கா. வாங்கின பாலை வழியிலேயே கொட்டிட்டு ஓடி வந்தேன், இத்தனை நாள் கொடுத்ததை என்ன பண்ண?

பிள்ளை எதையும் வாயில வாங்காம முகத்தைத் திருப்புது. பல்லு முளைக்குதுன்னு உங்கம்மா சொல்றா. நான் டாக்டர்கிட்ட தூக்கிட்டுக் கிளம்பறேன். நீ மகராசியா இருக்கணும், குளிருக்குக் காதைக் கட்டிக்கோ. மறக்காம, இதைப் பார்த்த உடனே உங்கம்மாவைக் கூப்பிட்டு ஆட்டுக்குப் போடாதேன்னு நீயே சொல்லு, அடுத்த மூட்டையைக் கட்டி வாசல்ல வெச்சிருக்கா.

இப்படிக்கு,
உன் அப்பா