முதல் பால்

அம்மா, இந்தக் கடிதத்தில் எதையும் மறைக்காமல் எழுதப்போகிறேன். அதற்கு முன் உனக்கும் அப்பாவுக்கும் வணக்கம். அப்பாவின் இருமல் நின்றதா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் விடுதியில் ஞாயிறுதோறும் ஒரு பெண் தன் வீட்டுக் குழம்பைச் செய்ய வேண்டும். போன ஞாயிறு என் முறை. உன் முருங்கைக்கீரை தேங்காய்ப்பால் குழம்பைச் சொன்னேன். சாப்பிட்டுப் பார்த்தால் யாராவது என்னையும் தங்கள் சாப்பாட்டு வரிசையில் உட்காரக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன்.

நீ சமைக்கும்போதெல்லாம் நான் பக்கத்தில் புத்தகம்தானே படித்துக்கொண்டிருந்தேன்! நீ சொல்லும் 'முதல் பால்' என்றால் முதலில் ஊற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். கெட்டிப் பாலை மசாலாவில் ஊற்றி, கீரையைப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டேன். பால் திரிந்து, எண்ணெய் தனியாகத் திப்பி தனியாக நின்றது.

"என்னாடி, கீரை வாந்தி எடுத்திருக்கு!" என்றாள் கூட்டேரிப்பட்டிலிருந்து வந்திருக்கும் ரோஜா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"இங்கியே நின்னுக்கினு இருக்கேன், ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? தண்ணிப் பால்ல வேகவெச்சு, கெட்டிப் பாலைக் கடைசியா ஊத்தி எறக்கணும் புள்ள" என்றார் சமையல்கார காந்திமதி அக்கா. வரும் ஞாயிறும் என்னையே செய்யச் சொல்லியிருக்கிறார்.

மசாலாவிலும் உன் வாசனை வரவில்லை. என்னென்ன அரைப்பாய் என்று எழுது. தபால் சனிக்கிழமைக்குள் வராது என்றால், அரைத்து ஒரு டப்பாவில் நீயே எடுத்து வா. திண்டிவனத்தில் பஸ் ஏறினால் விழுப்புரம் ஒரு மணி நேரம்தான். குழம்புக்காகத்தான் கூப்பிடுகிறேன். இல்லை, குழம்புக்காக மட்டும் இல்லை.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.

அருணா