திரையில் திரும்பக் காட்டவில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

ஞாயிறன்று இங்கே ஹாலந்தில், ஆசென் நகரில் மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்த்தேன். நம் ஊர் ரிமினிக்காரன் வளைவில் விழுந்தான். பெரிய திரையில் அதைத் திரும்பக் காட்டவே இல்லை. காட்டாவிட்டால் அடி பலம் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? கூட வேலை செய்யும் வீபே, "எந்திரிச்சிருவான்டா, பியரைக் குடி" என்றான். பதினோரு நிமிடம் கழித்து ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு கை அசைந்தது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். நான் கிளம்பிவிட்டேன்.

இரண்டு வருடமாகவே யார் ஜெயித்தான் என்று பார்ப்பதில்லை அப்பா, யார் எழுந்தான் என்றுதான் பார்க்கிறேன்.

பந்தயத் தொப்பி வேண்டாம், காப்பித்தூள் அனுப்புங்கள். வரும் ஞாயிறு இரண்டு மணிக்குக் கூப்பிடுங்கள். பந்தய நேரத்தில் வீட்டில் யாரையும் பேச விடமாட்டீர்கள், தெரியும். ஒரே ஒரு தடவை டிவியை அணைத்துவிட்டு என்னோடு பேசுங்கள்.

ஷிப்டுக்கு நேரமாகிறது.

உங்கள் நேவியோ