பெரிய கிராணி முடிவெட்ட வந்த நாள்

மச்சான்,

நேற்று உன் கடையைக் காலி செய்தார்கள். உன் மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தை என் கையில் திணித்து, "அண்ணே, இதுல பாதி உங்க கிறுக்கல்தான். நீங்களே வச்சிக்குங்க" என்றாள். முகர்ந்து பார்த்தேன். பவுடர் வாசனை, அதற்கடியில் லேசாக சானிட்டைசர். பேனா கட்டிய நூல்கூட அப்படியே தொங்குகிறது. திறக்கத்தான் பயம். ஏனென்று உனக்குத் தெரியும்.

கொரோனாவால் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த முடிவெட்டும் கடையை நீ திறந்த வாரம். நம் சிலிபின் வட்டாரம் முழுக்க ஆண்கள் கரடிகளாக அலைந்தார்கள். நான் மட்டும் வழுக்கைக் கரடி. வெட்ட முடி ஏது? வம்பு பேசத்தான் வந்தேன். வாசலில் வருகிறவர்கள் பெயரெழுதும் இந்த நோட்டை வைத்துக்கொண்டு, காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியோடு போலீஸ்காரன் மாதிரி நின்றாய்.

"இனிமே பாரு மச்சான், எல்லாரும் கொஞ்சம் நல்லவங்களா மாறி வருவாங்க. இவ்வளவு பட்டாச்சுல்ல?"

"முடிய வெட்டலாம். புத்திய வெட்ட முடியுமாலா?" என்றேன் நான்.

அன்று காலையிலிருந்தே எனக்குத் தொண்டை கரகரப்பு. முதல் நாள் தனியாளாக நான்கு டுரியான் பழம் தின்றிருந்தேன். டுரியான் சூடுதான் என்று நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். வெளியே போகக்கூடாது என்பது வீட்டுக்காரியின் உத்தரவு. உன் நோட்டையோ வருகிறவர்கள் எல்லாரும் புரட்டிப் பார்ப்பார்கள்; மாலைக்குள் செய்தி அவள் காதுக்குப் போய்விடும். அதனால் பெயர் என்ற இடத்தில் 'பெரிய கிராணி, சுங்கை சிப்புட்' என்று எழுதினேன். நம் அப்பாக்கள் பால் மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்து ஆபீஸில் எல்லாரையும் நடுங்க வைத்த தலைமைக் குமாஸ்தாவின் பட்டம். போன் நம்பரும் கற்பனை. துப்பாக்கி மக்கர் செய்ய, நீ பேட்டரி தேடி உள்ளே போனாய். அதற்குள் மேல் வரிக்காரரின் உடல் சூடு 36.4-ஐயே எனக்கும் எழுதிவிட்டு, போய் உட்கார்ந்துவிட்டேன். முகக்கவசம் தாடையில். பக்கத்து நாற்காலியில் ஆஸ்துமாக்காரப் பெரியவர். ஒரு மணி நேரம் என் வாய் ஓயவில்லை.

மூன்றாம் நாள் எனக்குத் தொற்று என்றார்கள். எங்கே போனீர்கள் என்று அதிகாரி போனில் கேட்டார். "எங்கயும் போகல" என்றது என் வாய். உன் கடையைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கே கதை விட்டுக்கொண்டேன். ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. உன்னை அழைத்தேன். கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"கடைய அப்புறம் தொறந்துக்கலாம்லா. அந்தப் பெரியவரு ஒன் பக்கத்துலதானே உக்காந்திருந்தாரு? மொதல்ல ஆபீசருக்கு போன் அடிச்சு உண்மையச் சொல்லு."

நான் அதிகாரியை அழைத்துச் சொன்னேன். கடையைப் பூட்டிவிட்டு, நோட்டிலிருந்த ஒவ்வொருவரையும் நீயே அழைத்தாய். "எந்த நாயி அது? பேரச் சொல்லு!" என்று காய்கறி லாரிக்காரர் கத்தினாராம். "நம்ம ஆளுதாண்ணே. நீங்க போயி டெஸ்ட் எடுங்க" என்றாயாம்.

பத்து நாள். தனிமைப்படுத்திய கட்டிலில் கிடந்துகொண்டு தினமும் உன்னைக் கேட்டேன்: பெரியவர் எப்படி? தினமும் அதே பதில்: "இன்னும் தெரியல." கடைசியில் ஒருநாள், "அவருக்கு ஒண்ணுமில்ல. எனக்கும் ஒண்ணுமில்ல. நீ டுரியான நிறுத்து" என்றாய். சிரிக்கப் போய் அழுதுவிட்டேன்.

கடை மறுபடி திறந்தபோது பாதிப் பேர் திரும்பவில்லை. ஊரிலேயே சூடான வம்பு உன் வாயில்தான் இருந்தது. நானாக இருந்தால் மத்தியானத்துக்குள் கம்பார் டவுன் வரை போயிருக்கும். நீயோ நெஞ்சு நின்று கண்ணை மூடும் வரை வாய் திறக்கவில்லை.

நேற்று வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உன் கோணல் எழுத்தில் 'சொல்லியாச்சு'. பெரிய கிராணிக்கு எதிரே மட்டும் 'நம்ம ஆளு'.

இன்று காலை சாப்பாட்டுக் கடையில் அதே லாரிக்காரர். "பாவம் மனுசன். கடைய மூட வச்சவன் எவன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லியே" என்றார். தே தாரேக் டீக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நான்தாண்ணே."

"ஒனக்கு எப்பவும் வெளையாட்டுதான்லா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை. டுரியானிலிருந்து 36.4 வரை சொன்னேன். அவர் சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து போனார். இனி என்னோடு உட்காருவாரா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பெரிய கிராணியை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். நீ எழுதிய 'நம்ம ஆளு'வைத் தொடவில்லை. அதன் பக்கத்தில் உன்னைப் போலவே கோணலாக எழுதி வைத்திருக்கிறேன், மச்சான்: சொல்லியாச்சு.