ஐந்தில் முடியும் விலை

1979 பிப்ரவரி 6

காலை முழுக்கத் தொலைபேசிதான். ஷோரூம்களில் கார் விலை கேட்டுக் கேட்டுக் காது சூடாகிவிட்டது. மாலையில் தபால் பை. பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து வெர்னா டட்டில் மறுபடி எழுதியிருக்கிறாள். விலையைச் சரியாகச் சொன்னால் காரே பரிசு என்கிற எங்கள் விளையாட்டை ஒருநாள் விடாமல் டிவியில் பார்க்கிறவள். ஒருமுறை பதில் போட்டேன், அதிலிருந்து கடிதமெல்லாம் என் பெயருக்கே. நேரில் பார்த்ததில்லை.

இந்த முறை ஒரு கண்டுபிடிப்பு. நாங்கள் வைக்கும் கார் விலை எல்லாமே ஐந்தில் முடிகிறதாம். "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன் மார்லிஸ் கண்ணு. ஒருநாள் நானே வந்து ஜெயிப்பேன்." புருஷனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வண்டி படுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரனைக் கெஞ்சித்தான் கூட்டிப்போகிறாள்.

பழைய விலைத்தாள்களைப் புரட்டினேன். ஆமாம், எல்லாம் ஐந்து! விலை சேகரிக்கிற எனக்கே தெரியாமல் போயிற்றே.

பிப்ரவரி 9

தயாரிப்பாளர் கிரேடி கூட்டத்தில் கடுகடுவென்றிருந்தார். ஆரம்பத்தில் இரண்டு தவறு வரை பொறுத்தோம், இப்போது ஒன்றுதான். விலையின் முதல் எண்ணை நாங்களே காட்டிவிடுகிறோம். மற்ற மூன்றுக்கும் இரண்டிரண்டு எண் வைத்து ஒன்றைச் சொல்லச் சொல்கிறோம். அப்படியும் வாராவாரம் கார் போகிறதே, எப்படி என்று கேட்டார்.

எல்லாம் ஐந்தில் முடிவதை நான் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? ஒருதடவையாவது கெட்டிக்காரி என்று சொல்லட்டுமே என்றா?

கிரேடி சிரித்தார். "கார்ல ரெண்டு கால்மிதியைப் போட்டு அந்த விலையையும் சேர்த்துடு. பலகையில அஞ்சு இருக்கட்டும். பக்கத்துல சரியான எண்ணை வை."

பிப்ரவரி 10

வெர்னாவின் பெயரைச் சொல்லவில்லை. இதெல்லாம் ஒரு சமாதானமா?

மார்ச் 14

வந்துவிட்டாள்.

பார்வையாளர்களிலிருந்து கூப்பிட்டபோது மஞ்சள் ஸ்வெட்டரில் ஒரு பருத்த பெண் ஓடிவந்தாள். பேக்கர்ஸ்ஃபீல்ட், வெர்னா என்றாள். தெரிந்தவள் என்று நான் சொன்னால் விளையாடவே விடாமல் அனுப்பிவிடுவார்கள். சைகை காட்டினால் நான் கம்பி எண்ண வேண்டியதுதான். ஓரமாக, விலைத்தாள் மடியில் இருக்க, மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

விலை 5,278. இரண்டாவது எண் மூன்று என்றாள் — தப்பு. பொறுக்கிற ஒரே தவறும் தீர்ந்தது. அடுத்தது ஏழு, சரி. கடைசியில் ஐந்தா எட்டா? கூட்டம் எட்டு, எட்டு என்று கத்தியது. தயவுசெய்து அவங்க சொல்றதைக் கேளேன், வெர்னா... அவள் காதே கொடுக்கவில்லை. கேமராவைப் பார்த்து, எனக்குத்தான் என்று நினைக்கிறேன், கண்ணடித்தாள்.

"அஞ்சு."

மார்ச் 15

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 29

கடிதம் வந்திருக்கிறது. ஒருமுறை ஆடியவர் மறுபடி ஆட முடியாது, அது அவளுக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரன் இப்போது இவளைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்கிறானாம். போன வாரம் ஒருநாள் டயாலிசிஸுக்கே போக முடியவில்லையாம்.

கடைசிப் பத்தி: "உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். நீ சொல்லியிருக்க மாட்டே, எனக்குத் தெரியும். வேற எவளோ கண்டுபிடிச்சு போட்டுக்கொடுத்திருக்கா. யாருன்னு மட்டும் விசாரிச்சு எழுது கண்ணு."

ஏப்ரல் 2

நான்கு தாள் எழுதிக் கிழித்தேன். கடைசியில், எழுதிக் கேட்கிறவர்களுக்கெல்லாம் அனுப்புவோமே, தொகுப்பாளர் காரில் சாய்ந்து சிரிக்கிற படம், அதில் ஒன்றை மட்டும் உறையில் வைத்து ஒட்டினேன்.