செவ்வாய் பஸ்ஸில் வந்த தீர்த்தம்

திருகோணமலை
03.06.2025

அன்புள்ள லோஜினிக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமா என்று ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்பது அசட்டுத்தனம் என்பதால் கேட்கவில்லை. போனில் கதைத்தால் பிள்ளை கீர்த்தனி காது கொடுக்கிறாள் என்று நீ கடிதத்துக்கு மாறினாய். என் கையெழுத்தைப் பார்த்து, நான் வேலை செய்கிற ஐஸ் பக்டரியில், "அண்ணை எந்த டொக்டரிட்ட வேலை பழகினவர்?" என்கிறார்கள்.

அந்த விசேட சிறுநீரகத் திட்டத்தில் எனக்கு ஐமிச்சம்தான், நம்பிக்கை இல்லை. உன் கிட்னி ஒன்றை எடுத்துப் பிள்ளைக்கு வைப்பார்கள், சரி. அதற்கு முதல் நாலு கிழமை, ஒரு மாதம், இரத்தம் ஒழுங்காக இருக்கவேண்டுமாம். பொட்டாசியம் கூடுமென்று வாழைப்பழம் ஏலாது, இளநீர் ஏலாது, தண்ணீரும் அளந்துதான். எட்டு வயதுப் பிள்ளையைக் காயவைத்தால் இரத்தம் எப்படி ஒழுங்காகும்? நீர்க்கடுப்புக்குச் செவ்விளநீர் குடிக்காத ஆள் எங்கள் தெருவில் யார்? கட்டில் காலியாகாமல் இருக்கத்தான் இந்தத் திட்டம் என்று படுகிறது.

கொழும்பு பஸ் கண்டக்டர் இன்ஷாப்பிடம் அம்மன் கோவில் தீர்த்தம் கொடுத்துவிடுகிறேன். ஐஸ் கட்டி வைத்த போத்தல். பிள்ளைக்கு வைத்த நேர்த்திக்கடன், நீ வாய் வைக்காதே.

உன் இராசன்

கொழும்பு
06.06.2025

அன்புள்ள கீர்த்தனி அப்பாவுக்கு,

தீர்த்தம் கிடைத்தது. அன்றைய தண்ணீர் அளவில் கழித்துத்தான் கொடுத்தேன்.

வியாழன்தோறும் பார்க்கிற இரத்தத்தில் நேற்றுப் பொட்டாசியம் கூடிவிட்டது. நாலு கிழமைக் கணக்கு இனி முதலில் இருந்து. நேர்ஸ் ரபீக்கா தனியே கூப்பிட்டு, "அம்மா, களவாய் என்ன குடுத்தனீங்கள்?" என்று கேட்டா. என் அலுமாரியையும் கிண்டினார்கள். கிட்னி கொடுக்க வந்தவளைக் கள்ளி போலப் பார்க்கிறார்கள்.

லோஜினி

திருகோணமலை
10.06.2025

அன்புள்ள லோஜினிக்கு,

நான் சொல்லவில்லையா? தாங்களே கூட்டிவிட்டு உன் அலுமாரியைக் கிண்டுகிறார்கள். அந்த நேர்ஸ் என்ன ஊசி போடுகிறா என்று கண் வைத்திரு. நீங்களே வந்து பார்க்கலாமே என்று கேட்டுவிடாதே. ஊசியைக் கண்டால் நான் விழுகிற ஆள், பிறகு எனக்கும் ஒரு கட்டில் கொடுத்துவிடுவார்கள்.

தீர்த்தம் இந்த முறை பெரிய போத்தலில்.

உன் இராசன்

கொழும்பு
13.06.2025

கீர்த்தனி அப்பாவுக்கு,

நேற்றுப் பொட்டாசியம் இன்னும் ஏறி, பிள்ளையின் நெஞ்சுத் துடிப்புப் பிசகிவிட்டது. மருந்து ஏற்றினார்கள். ஆறு மணித்தியாலம் துடிப்புக் காட்டுகிற மெஷினில் ஓடும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு முறை நடந்தால் திட்டத்திலிருந்து பெயரை வெட்டுவார்களாம்.

கண் திறந்ததும் பிள்ளை கேட்டது: "அம்மன் எங்கட செவ்விளநீர் மரத்திலயா இருக்கிறா?"

தீர்த்தப் போத்தலின் அடியில் கிடந்த மிச்சத்தை வாயில் விட்டுப் பார்த்தேன். போத்தலில் என்ன ஊற்றினீர்கள் என்று உங்கள் கையால் எழுதுங்கள்.

லோஜினி

திருகோணமலை
17.06.2025

லோஜினிக்கு,

செவ்விளநீர். கிணற்றடி மரத்தது. இளநீர் என்றால் நீ கொடுக்கமாட்டாய், தீர்த்தம் என்றால் கொடுப்பாய் என்று தெரியும். பிள்ளை வாடுகிறதே என்று செய்தேன். பகிடி எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

இதை நேர்ஸிடம் காட்டு. கள்ளன் நான்தான் என்று தெரியட்டும்.

இராசன்

கொழும்பு
18.07.2025

கீர்த்தனி அப்பாவுக்கு,

அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய மூன்று கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுத மனம் வரவில்லை. செவ்விளநீர் என்று நீங்கள் ஒத்துக்கொண்ட கடிதத்தை ரபீக்காவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டா.

நாலு வியாழனும் இரத்தம் ஒழுங்கு. வருகிற 29ஆம் திகதி ஒப்பரேஷன். தீர்த்தம் எங்கே என்று பிள்ளை கேட்டாள். கோவில் பூட்டிக் கிடக்கிறது என்று நானும் ஒரு பொய் சொன்னேன்.

அவள் உங்களைத் தேடுகிறாள், வாருங்கள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பீர்கள். வெறுங்கையோடு வாருங்கள். வாசலில் ரபீக்கா உங்கள் பையைத் திறந்து பார்ப்பா.

பார்க்கச் சொன்னது நான்தான்.

லோஜினி