பிப்ரவரி பத்தொன்பதுக்குள்

டல்லாஸ்
26-1-2025

அன்புள்ள சுபா அக்காவுக்கு,

நாங்கள் நலம். போனில் பேசினால் பக்கத்திலிருக்கும் உதயா காதில் விழும், அதனால்தான் இந்த மெயில்.

இங்கே டி.வி.யைத் திறந்தால் ஒரே பேச்சு. வெளியிலிருந்து வருபவர்களில் எத்தனை பேரை உள்ளே விடுவது, யார் பெற்ற பிள்ளை இந்த நாட்டுக் குடிமகன் என்று. எங்களைப் போல இருவருமே விசாவில் இருந்தால், பிப்ரவரி 19-க்குப் பிறகு பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். கோர்ட் நிறுத்தி வைத்திருக்கிறது. இன்றைக்கு நிறுத்துவார்கள், நாளைக்கு யார் கண்டது? உதயாவுக்குப் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருப்பது மார்ச் நடுவில்.

முன்னதாகவே ஆபரேஷன் செய்ய வேறொரு டாக்டர் சம்மதிப்பார் போலிருக்கிறது. உதயாதான் மாட்டேன் என்கிறாள். அம்மா இல்லாத பெண், உன் பேச்சைத் தட்டமாட்டாள். ஜோசியர் நல்ல நட்சத்திரம் பார்த்துப் பதினெட்டாம் தேதி குறித்துக் கொடுத்தார் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அன்புத் தம்பி,
கோகுல்ராஜ்

ஆரணி
30-1-2025

அன்புள்ள கோகுலுக்கு,

தை முகூர்த்தம். கடைக்குப் புடவை எடுக்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது. இதற்கு நடுவில் உன் காரியமாக ஜோசியரிடமும் போய்வந்தேன். விஷயத்தைச் சொன்னதுமே, "இன்னாம்மா, ஜல்தியா எடுக்கணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கினு வந்தா எனக்கு இன்னா வேலை?" என்று பஞ்சாங்கத்தை மூடிவிட்டார்.

எனக்கும் மனசு வரவில்லை. பிள்ளை எந்த நாட்டுக்காரனாக இருந்தால் என்னடா? ஆரணிக்காரன் என்றால் கசக்கிறதா? உதயாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

அன்புடன்,
சுபா

டல்லாஸ்
1-2-2025

அக்கா,

சொந்த ஊரில், சொந்தக் கடையில் உட்கார்ந்துகொண்டு எந்த நாடானால் என்ன என்று கேட்பது சுலபம். எனக்கு வேலை போனால் இரண்டு மாதத்தில் மூட்டை கட்ட வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் என் முறை வருவதற்குள் கிழவனாகிவிடுவேன். மேனேஜர் அறைக்கதவைச் சாத்தினாலே என் வேலை போச்சு என்றுதான் நினைக்கிறேன். என் பிள்ளையையாவது யாரும் வெளியே போ என்று சொல்லக்கூடாது என்று நினைப்பது தப்பா?

நம் ஊரில் எத்தனை பேர் நாள் பார்த்துப் பிள்ளை எடுக்கிறார்கள்! நட்சத்திரத்துக்காகச் செய்தால் சரி, எதிர்காலத்துக்காகச் செய்தால் பாவமா? நீ சொல்லாவிட்டால், நீ சொன்னதாக நானே உதயாவிடம் சொல்லிக்கொள்கிறேன்.

கோகுல்

ஆரணி
3-2-2025

கோகுல்,

நட்சத்திரத்துக்காகச் செய்தாலும் சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேள்.

என் பெண் இளமதிக்கு முன்னால் எனக்கு ஒரு பையன் பிறந்தான். நீ அப்போது சென்னையில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். குறைப்பிரசவம் என்று உனக்குச் சொன்னோம். அது தானாக வந்த பிரசவம் இல்லை. தலைப்பிள்ளை சித்திரையில் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று என் மாமியாருக்குப் பிடிவாதம். "பங்குனியிலயே எடுத்துடுங்க, ஊர்ல எல்லாரும் பண்ணிக்கினுதானே கீறாங்க" என்றார். உன் மாமாவும் தலையாட்டினார்.

வலியே வராத வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். குழந்தைக்கு மூச்சுவிட முடியவில்லை. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வண்டி கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் இங்கே மயக்கத்தில் கிடந்தேன். அவன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

எல்லாக் குழந்தைக்கும் அப்படி ஆகாது, எனக்கும் தெரியும். ஆனால் என் பெயரைச் சொல்லி உதயாவைச் சம்மதிக்க வைத்தாயானால், இந்த ஜென்மத்தில் உன்னோடு பேசமாட்டேன்.

சுபா

டல்லாஸ்
20-2-2025

அன்புள்ள அக்கா,

இத்தனை நாளாக உனக்குப் பதில் எழுதக் கை வரவில்லை.

அந்த டாக்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பத்தொன்பதாம் தேதி நேற்றோடு போய்விட்டது. கோர்ட்டில் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது, டி.வி.யில் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பயம் போகவில்லை. பிள்ளை எந்த நாட்டுக்குச் சொந்தம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ராத்திரியெல்லாம் உதைக்கிறது என்கிறாள் உதயா.

உன் கடிதத்தை அவளிடம் காட்டிவிட்டேன், காட்டியிருக்கக் கூடாதோ என்னவோ. ரொம்ப நேரம் அழுதாள். பிறகு என்னிடம் ஒன்று கேட்டாள். கூடப் பிறந்த எனக்கு இதை உன்னிடம் கேட்கத் தோன்றியதே இல்லை, அக்கா.

அந்தப் பையனுக்கு என்ன பெயர் வைப்பதாக இருந்தாய்?

உன் தம்பி,
கோகுல்